இரவு பத்தரை மணிக்கு வீடு திரும்பும் பெண்கள்

2024 நவம்பர் 28, வியாழன்

சாயங்காலம் ஆலையை விட்டு வெளியே வரும்போது காவேரிப்பாக்கத்திலிருந்து அக்கா மகள் அனுப்பிய வீடியோ வந்தது. எங்கள் ராணிப்பேட்டைப் பக்கத்துப் பனப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனத்து ஷூ ஆலைக்கு முதல்வர் ஸ்டாலின் இன்று அடிக்கல் நாட்டியிருக்கிறார். 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்கிறது அறிவிப்பு. தோல் ஷூ இல்லை, விளையாட்டு ஷூ. அதே நிறுவனத்துக்கு நான் பிழைக்க வந்த இந்த வியட்நாமிலும் பெரிய ஆலைகள் உண்டு.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் தோலை நம்பி ஊர் ஊராகப் போனவர்கள்தான். டாக்கா, அடிஸ் அபாபா, ஜகார்த்தா, சைகோன் என்று எங்கே ஷூ கம்பெனி இருக்கிறதோ அங்கே நம் பக்கத்து டெக்னீஷியன் ஒருவர் தோலை மடித்து, கட்டை விரலால் அழுத்தி, மேல்பக்கத்துக் கிரெய்ன் விடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது வேலையே நம் வாசலுக்கு வருகிறது. எனக்கு மனசு நிறைந்துபோனது.

ராத்திரி அக்கா மகள் போனில் கேட்டாள். "நான் அங்க சேர்ந்துடட்டுமா மாமா?" இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிட்சிங் லைனில் இருக்கிறாள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும், இருட்டுகிற நேரத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிடும். இறங்கியதும் வீடு, சமையல், டிவி, தூக்கம். இருபத்து மூன்று வயதுப் பெண் தன் ஊர்த் தெருவை இரவில் பார்த்தது திருவிழாவில் மட்டும்தான். கட்டுமானம் முடிய நாளாகும், அவசரப்படாதே என்று சொல்லி வைத்தேன். ஆனால் அவள் கேள்வி மனசில் நின்றுவிட்டது.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரிப் பக்கம் கரை கடந்திருக்கிறது. அம்மாவுக்குப் போன் கிடைக்கவே நேரமாயிற்று. "ஒரே மழை, வெளியே தலை காட்ட முடியல" என்றார். கவலையோடு இங்கே சைகோனில் ட்ருவோங் டின் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன்.

இந்தக் கோயிலுக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வியட்நாமியர்கள், சீனர்கள். கை நிறைய ஊதுபத்தி ஏந்தி வணங்குவார்கள், அல்லிப் பூ வைப்பார்கள். கருவறைக்குப் பின்னால் போய்க் கருங்கல் சுவரில் நெற்றியை ஒட்டவைத்து, வேண்டியதை அம்மனிடம் முணுமுணுப்பார்கள். நெற்றி பட்டுப் பட்டு அந்த இடத்துக் கல்லே வழவழப்பாகிவிட்டது. ஆலைச் சீருடையோடு வந்திருந்த ஒரு பெண் வெகுநேரம் அப்படி நின்றாள். அவள் முறை முடியும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது இங்கே தமிழர்கள் நிறைய இருந்தார்கள். மெகாங் சமவெளி நெல் விவசாயத்துக்கு நகரத்தார் கடன் கொடுத்தார்கள், தோன் தட் தியெப் தெருவில் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் அரசு அலுவலகங்களில் இருந்தார்கள். 1975-க்குப் பிறகு பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். டோங் யூ தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அதன் பின்பக்கத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடையில், என்னைப் போலவே இங்கே பிழைக்க வந்த ஆம்பூர் பாயோடு மதியச் சாப்பாடு. பிரியாணிக்குக் கத்திரிக்காய்ப் பச்சடி இல்லையே என்று பாய் வழக்கம்போல வருத்தப்பட்டார். "தம்பி, பனப்பாக்கத்துல கம்பெனி வந்தா நாம ரெண்டு பேரும் மூட்டை கட்டிடலாம்" என்றார். அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். அவர்களைப் பார்த்து வருஷமாகிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்று நகரத்தின் முதல் மெட்ரோ ஓட ஆரம்பித்தது. பென் தான் சந்தையிலிருந்து சுவோய் தியென் வரை 19.7 கிலோமீட்டர், 14 நிலையங்கள். 2012-இல் தொடங்கிய வேலை. முதல் ஒரு மாதம் டிக்கெட் இல்லை என்பதால் குடும்பம் குடும்பமாக வந்து ஏறுகிறார்கள். எங்கள் ஆலை இருக்கும் தூ டக் பக்கம்தான் வழி. தாத்தா ஒருவர் கண்ணாடியில் கை வைத்தபடி சைகோன் ஆற்றைக் கடக்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கூட்டத்தில் நசுங்கித் திரும்பினேன். வேறு எழுதத் தெம்பில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

கம்பெனிக்கு வந்திருந்த ஐரோப்பிய வாடிக்கையாளர்களை அழைத்துக்கொண்டு பூயி வியன் தெருவுக்குப் போகவேண்டியிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் சைகோன் இரவு என்று சொல்வது இந்தத் தெருவைத்தான். 2017-இல் இதை வார இறுதி நடைவீதியாக்கினார்கள். இரண்டு பக்கமும் பார், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு, நெஞ்சுக்கூடு அதிரும் சத்தம். பியர் கம்பெனி உடுப்பில் பெண்கள் மேஜை மேஜையாக வந்து ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் மெகாங் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள். ஒருத்தி எங்கள் மேஜையருகே நின்று, குதிகால் செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் சம்பளம் வாங்குகிறாள் என்பது எனக்கு உறுத்தியது. வந்தவர்கள் யாரும் அவள் காலைப் பார்க்கவில்லை.

வசதியான வெளிநாட்டவர் தாவோ தியெனில், ஆற்றங்கரை வில்லாக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனிக் கடை, தனி மதுக்கூடம். ஐந்து வருஷம் இருந்துவிட்டு ஊருக்குப் போய் எனக்கு சைகோன் தெரியும் என்பார்கள். இந்த ஊரின் இரவு அங்கேயும் இல்லை, பூயி வியனிலும் இல்லை.

2025 ஜனவரி 5, ஞாயிறு

தென்கிழக்கு ஆசியக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் வியட்நாம் இன்று பாங்காக்கில் தாய்லாந்தை 3-2 என்று வென்றது. ஆட்டத்தில் நுவென் சுவான் சோன் கால் முறிந்து விழுந்தபோது என் சந்து முழுக்க ஒரே நேரத்தில் ஐயோ என்றது. பிரேசிலில் பிறந்து இந்த நாட்டுக் குடிமகனானவர். பக்கத்து வீட்டுப் பாட்டி தன் பேரனுக்கு அடிபட்டதுபோல அழுதார்.

ஆட்டம் முடிந்த ஐந்தாவது நிமிஷம் ஊரே சாலையில் இருந்தது. லட்சக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள், சிவப்புக் கொடிகள், தட்டி ஒலிக்கும் பாத்திர மூடிகள். அப்பா, அம்மா, நடுவில் தூங்கும் குழந்தை என்று ஒரே வண்டியில் மூன்று பேர். ஆண் துணையே இல்லாமல் ஐந்தாறு பெண்கள் கூட்டமாக, முகத்தில் மஞ்சள் நட்சத்திரம் வரைந்துகொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனார்கள். நடுநிசி. ஒரு கை அவர்கள் மேல் படவில்லை, ஒரு வார்த்தை அவர்கள் காதில் விழவில்லை. நம்மூரில் கிரிக்கெட் உலகக் கோப்பை ஜெயித்த இரவை நினைத்தேன். சாலையெல்லாம் பையன்கள். பெண்கள் ஜன்னலில்.

ஜனவரி 9, வியாழன்

என் அறை இருக்கும் சந்தின் முனையில் நத்தைக் கடை. கணுக்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் முக்காலிகள், தகர மேஜை, எலுமிச்சைப் புல் போட்டு வதக்கிய சிப்பி, தொட்டுக்கொள்ள உப்பு, மிளகு, எலுமிச்சை. நான் அங்கே வறுத்த சோளமும் ஐஸ் போட்ட பால் காபியும் மட்டும்தான். இன்று எங்கள் ஸ்டிட்சிங் லைன் பெண்கள் நான்கு பேர் ஓவர்டைம் முடித்து வந்து உட்கார்ந்தார்கள். விரல் நுனியில் பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. பேசிக்கொண்டே அதை நகத்தால் உரித்து உரித்துப் போட்டார்கள். ஒரு பாட்டில் பியரை மூன்று கிளாஸில் பங்கு வைத்தார்கள். குடித்தவள் வண்டி ஓட்டக்கூடாது, 2020-லிருந்து இங்கே ஒரு மிடறு குடித்திருந்தாலும் அபராதம். ஆகவே ஒருத்தி மட்டும் குடிக்காமல் கரும்புச்சாறு வாங்கிக்கொண்டாள், மூன்று பேரை அவள் முறை வைத்துக் கொண்டுபோய் விடவேண்டும். பத்தரைக்குக் கணக்குப் பார்த்துக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

இந்தச் சந்து ஏன் பயமில்லாமல் இருக்கிறது என்று எனக்கு நானே கேட்டுப் பார்க்கிறேன். போலீஸ் நிற்பதில்லை. ஆனால் நத்தைக் கடைக்காரி ஒரு பெண், எதிரே நூடுல்ஸ் தள்ளுவண்டிக்காரியும் ஒரு பெண், சலவைக் கடையில் பன்னிரண்டு மணி வரை இஸ்திரி போடுகிறவளும் பெண். வீட்டு முன்னறைகள் சந்தைப் பார்த்துத் திறந்தே இருக்கின்றன, பாட்டிகள் வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரவில் தெருவில் வியாபாரம் பார்ப்பவர்கள் பெண்களாக இருப்பதால் நடந்துபோகிற பெண்ணை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை.

இது சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. மெயின் ரோட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் பைக்கில் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த நகரத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 49 லட்சத்து 60 ஆயிரம் டோங். அதில் வாடகை போக, குழந்தையைக் கிராமத்தில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவள் அந்த நான்கு பேரிலேயே ஒருத்தி இருக்கிறாள். ஆனாலும் சட்டத்தில் ஆறு மாதப் பிரசவ விடுப்பு இருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் வேலை நேரத்தில் தினமும் ஒரு மணி நேரம் சம்பளத்தோடு ஓய்வு. மாதவிலக்கு நாட்களில் அரை மணி. மதியம் சாப்பிட்டதும் விளக்கணைத்துவிட்டு, அட்டையை விரித்து வரிசையாகப் படுத்துத் தூங்குவார்கள். சூப்பர்வைசரும் அவர்கள் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்.

ஜனவரி 25, சனி

தெத் புத்தாண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. பதின்மூன்றாம் மாதச் சம்பளம் போனஸாக வந்த கையோடு எல்லாரும் ஊருக்குக் கிளம்புகிறார்கள். வண்டியின் பின்னால் பிஸ்கட் டின், முன்னால் குமுக்வாட் செடித் தொட்டி. நத்தைக் கடை மூடிவிட்டது. கடைக்காரி போகும் முன் எனக்கு ஒரு பொட்டலம் ஒட்டரிசிச் சோறு, வாழையிலையில் கட்டியது, கறி இல்லாதது, தனியாகச் செய்து கொடுத்தார். பொங்கலுக்கு ஊரில் இல்லாத ஏக்கம் எனக்கு அப்போதுதான் கொஞ்சம் அடங்கியது.

ஜனவரி 30, வியாழன்

விடுமுறை. அக்கா மகளோடு நிதானமாகப் பேச முடிந்தது. அவள் விசாரித்து வைத்திருக்கிறாள். பெரிய ஷூ ஆலை என்றால் இரண்டு ஷிஃப்டாவது ஓடும், இரண்டாவது ஷிஃப்ட் இரவு பத்து மணி வாக்கில்தான் விடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்கிறார்களாம். "பத்து மணிக்கு உட்டா எப்படி மாமா வர்றது? அம்மா இப்பவே வேணாம்னு சொல்லிகினு கீறாங்க."

பெண்களை இரவு வேலைக்கு விடக்கூடாது என்ற பழைய ஃபாக்டரி சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டே செல்லாது என்று சொல்லிவிட்டது. போக்குவரத்தும் பாதுகாப்பும் ஆலை கொடுக்கவேண்டும் என்று நிபந்தனைகளும் போட்டது. கம்பெனி பஸ் வரும், சரி. அது மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து வீடு வரைக்கும்? டாஸ்மாக் மூடுகிற நேரமும் பத்து மணிதான். ஷிஃப்ட் விட்ட பெண்களும் கடை விட்ட ஆண்களும் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் நடக்கப் போகிறார்கள். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, பெரிய விஷயம்தான். அந்த டவுன் பஸ் எங்கள் பக்கம் ராத்திரி எத்தனை மணி வரை ஓடுகிறது என்று அவளைக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. இருட்டிய பிறகு அவள் ஏறியதே இல்லை.

ஆலை எழும்பி முடிப்பதற்குள் இதைக் கேட்டு வாங்கவேண்டும். வந்த பிறகு கேட்டால் இன்னொரு பத்து வருஷம் ஆகும். இரண்டு பேரும் சேர்ந்து மனு எழுத ஆரம்பித்தோம். காவேரிப்பாக்கம், பனப்பாக்கம் இரண்டு பேரூராட்சிகளுக்கும் ஒரு பிரதி, கலெக்டருக்கு ஒரு பிரதி. ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு டவுன் பஸ். பஸ் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் தெருவிளக்கு. அந்த வழியில் இருக்கும் டாஸ்மாக் கடைகளை இடம் மாற்றுவது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இரவுக் கடை போட மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இடம் ஒதுக்குவது. கடைசியாகச் சொன்னது நான், இங்கே என் சந்தில் பார்த்துக் கற்றது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தோசைக் கடை போட எதிர்வீட்டு அத்தையிடம் இப்போதே பேசி வைக்கிறேன் என்றாள். கையெழுத்து வாங்க அவள் லைனில் இருக்கும் பெண்களிடம் திங்கட்கிழமை கொடுக்கிறாள். ஆம்பூர் பாய் தன் மூத்த பெண்ணிடம் சொல்லி அங்கேயும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.