கோல் கணக்கில் வராதவன்

என் மகன் ஹாக்கியில் முன்கள ஆட்டக்காரன். சீசன் முழுக்க ஒரு கோல்கூடப் போடவில்லை என்று அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் வென்ற தங்கத்தைக் கொண்டாடியவன் நான். "அவரைப் போல அடிடா" என்று திட்டினேன்.

"நான் பின்னால ஓடி வந்து பறிச்ச பந்தை யாராவது எண்ணினாங்களாப்பா?"

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் இதற்கென்றே 1978 முதல் செல்க்கி கோப்பை தருகிறார்கள். தற்காப்பில் சிறந்த முன்கள வீரரை விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் 4 முறையும் வென்றவர் மான்ட்ரியலின் பாப் கெய்னி.

ஞாயிறன்று ஐரோலி மைதானத்தில் நண்பர்களோடு ஆடினான். எண்ணினேன்: 11 முறை பந்தைப் பறித்தான். கோல் இல்லை. அவன் ஆட்டத்தை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான்.