ஸூஸனை மறந்து விட்டார்களே!

கதை முடிவில் எல்லாரும் சுகமாக இருந்தார்கள் என்று படித்துவிட்டு, நிம்மதியாகப் புஸ்தகத்தை மூடி வைப்பதுதானே நம் வழக்கம்? ஆனால் எல்லாரையும் உள்ளே அழைத்துக்கொண்டு, ஒருத்தியை மட்டும் வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தினால் நமக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

ஸி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதைகளைத்தான் சொல்கிறேன். 1950-லிருந்து வருஷத்துக்கு ஒன்றாக ஏழு புஸ்தகங்கள். யுத்த காலத்தில் குண்டு வீச்சுக்குப் பயந்து லண்டனிலிருந்து வெளியூருக்கு அனுப்பப்பட்ட பீட்டர், ஸூஸன், எட்மண்ட், லூஸி என்ற நான்கு குழந்தைகள், ஒரு பழைய துணி அலமாரிக்குள் நுழைந்து, பேசும் மிருகங்கள் வாழும் நார்னியாவுக்குப் போய்ச் சேருகிறார்கள். சூனியக்காரி தோற்கிறாள், நால்வரும் முடி சூடுகிறார்கள்.

கடைசிப் புஸ்தகம் 1956-ல் வந்தது. அதில் பழைய நார்னியா அழிந்து, அதைவிட அழகான, மெய்யான நார்னியா தோன்றுகிறது. ஸூஸனைத் தவிர மற்ற மூவரும் அங்கே இருக்கிறார்கள். அவள் ஏன் வரவில்லை? அவளுக்கு இப்போது நைலான் காலுறை, உதட்டுச் சாயம், விருந்து அழைப்பு இவற்றில்தான் நாட்டமாம்! நார்னியாவெல்லாம் சிறு வயது விளையாட்டு என்று சிரிக்கிறாளாம். இப்படி நாலு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பழம் பறித்துத் தின்னப் போய்விடுகிறார்கள்.

பிறகுதான் நமக்கு விஷயம் தெரிகிறது. ஒரு ரயில் விபத்தில் அவர்கள் அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள். அப்பா அம்மாவும் கூட. அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவள் ஸூஸன் ஒருத்திதான். அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் அந்த ஆனந்த லோகத்தில் இல்லை!

முதல் புஸ்தகத்தை நினைத்துப் பாருங்கள். அஸ்லான் என்ற சிங்கம் எட்மண்டுக்காக உயிரைக் கொடுக்கப் போன இரவில், கூடவே நடந்தவர்கள் லூஸியும் ஸூஸனும். இரவெல்லாம் அழுதவர்களும் அவர்களே. கூடப் பிறந்தவர்களைக் காட்டிக் கொடுத்த எட்மண்டுக்கு மன்னிப்பு உண்டு. உதட்டுச் சாயம் அதைவிடப் பெரிய பாவமா?

சாயம் அல்ல, நார்னியாவையே இல்லை என்று சொன்னதுதான் குற்றம் என்று ஆசிரியருக்காக வாதாடுவோரும் உண்டு. இருக்கட்டும். பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை துணிமணிக்கு ரேஷன். அந்தப் பஞ்சத்தில் வளர்ந்த பெண் ஒரு நல்ல காலுறைக்கு ஆசைப்பட்டாள். கொஞ்ச நாள் பழசை மறந்தாள். நம் வீட்டுப் பெண்கள் கண்ணாடி முன்னால் அரை மணி நின்றால், அவர்களை நாம் கைகழுவியா விடுகிறோம்?

1957-ல் ஒரு குழந்தைக்கு எழுதிய கடிதத்தில், ஸூஸன் இன்னும் உயிரோடுதானே இருக்கிறாள், திருந்தக் காலம் உண்டு என்ற கருத்தை லூயிஸ் எழுதினார். கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை என்ற மட்டில் சந்தோஷம்.

ஆனால் இந்தக் கதையைச் சொன்னபோது என் பெண் வேறொன்று கேட்டாள்: "அன்றைக்கு ராத்திரி ஸூஸனுக்கு யாரம்மா சாதம் போட்டிருப்பார்கள்?"

ஏழு புஸ்தகங்களிலும் அதற்குப் பதில் இல்லை. சிங்கத்தோடு நடப்பதற்கு வேண்டிய தைரியத்தைவிட, அந்த வெறும் வீட்டில் மறுநாள் காலையில் எழுந்து அடுப்பை மூட்டுவதற்கு அதிக தைரியம் வேண்டும். அந்த எட்டாவது புஸ்தகத்தை யாராவது எழுதியிருந்தால், முதலில் வாங்குகிறவள் நான்தான்!