வீட்டுக்கு ரெடிமேட் நீச்சல் குளம் வாங்கப் போறீங்களா?

கொஞ்சம் பெரிய த்ரெட்தான். ஆனா வீட்ல அஞ்சு வயசுக்குக் கீழே ஒரு குழந்தை இருந்து, ஆன்லைன்ல அந்த நீலக் கலர் நீச்சல் குளத்தை கார்ட்ல போட்டு வச்சிருக்கீங்கன்னா, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதை முழுசாப் படிச்சிடுங்க.

போன வருஷம் ஏப்ரல்ல நானும் ஒண்ணு வாங்கினேன். பள்ளம் தோண்டாம, தரை மேலேயே விரிச்சு தண்ணி நிரப்புற குளம். பத்தடி விட்டம், முப்பது இன்ச் உயரம், மேலே மட்டும் காத்தடிக்கிற வளையம். புதுக்கோட்டை வெயிலப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. மகளுக்கு ஏழு வயசு, மகனுக்கு ரெண்டரை. நைட் டூட்டி முடிச்சு வந்தா, "அப்பா குளம் எப்ப வரும்?"ங்கிறதுதான் முதல் கேள்வி.

மாமனார் மட்டும் சிரிச்சாரு. "மாப்ள, நாங்கள்லாம் சுரைக்குடுக்கையக் கட்டிக்கிட்டு கிணத்துல குதிச்சவங்க. இதுக்குப் போயி காசா?" அதுக்கப்புறம் அவரே, "மொட்டை மாடியில போட்டா காத்து நல்லா வரும்"னு ஐடியாவும் குடுத்தாரு.

இங்கதான் முதல் கணக்கு. தயவுசெஞ்சு போட்டுப் பாருங்க. பத்தடி வட்டம்னா தரைப்பரப்பு சுமார் 7.3 சதுர மீட்டர். அதுல ஒன்றே முக்கால் அடி தண்ணி நின்னா, கிட்டத்தட்ட 3,900 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அப்ப ஏறக்குறைய நாலு டன்! ஆட்கள் ஏறிப் புழங்குற மொட்டை மாடிக்கு இந்திய தரக் கட்டுப்பாட்டு விதியில சொல்லியிருக்கிற பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. நம்ம குளம் ஏத்துறது 500 கிலோவுக்கு மேல. "மேல சின்டெக்ஸ் டேங்க் நிக்குதே டாக்டர்?"னு கேப்பீங்க. அது பெரும்பாலும் பில்லர் மேலயோ பீம் மேலயோ உக்காந்திருக்கும், நடு ஸ்லாப்ல இல்ல. இன்ஜினியர் வந்து பார்த்து எழுத்துல சொல்லாத வரைக்கும் மாடி வேண்டாம்.

சரி, தரையிலதான் போடணும்னு முடிவாச்சு. பின்பக்கம் காலி இடம் இருந்துச்சு. "தார்ப்பாய விரிச்சு மேல போட்டாப் போதும்"னு நெனச்சேன். எங்க வீடு கட்டின கொத்தனார் வந்து பாத்துட்டு, ட்யூப் லெவல் வச்சு மட்டம் புடிச்சாரு. ஒரு ஓரம் மூணு இன்ச் தாழ்வு. இந்த மாதிரிக் குளத்துல சுவர் கிடையாது, தண்ணியோட அழுத்தம்தான் ஷீட்டை நிமித்திப் பிடிக்குது. தாழ்வான பக்கம் தண்ணி சாஞ்சா அந்தப் பக்கம் வயிறு தள்ளும், ஒரு நாள் மொத்தமா கவுந்திடும். நாலு டன் தண்ணி ஒரே நேரத்துல ஓடினா நிக்கிற குழந்தையை அடிச்சுத் தள்ளிடும். அதனால மேட்டைச் செதுக்கிச் சமமாக்குங்க. பள்ளத்துல தளதளன்னு மண்ணைக் கொட்டி மட்டம் பண்ணா, பாரம் ஏறினதும் மறுபடி இறங்கிடும்.

இன்னொண்ணு, கோரை. நெருஞ்சி முள்ளைக் கூட பொறுக்கிடலாம். கோரைக்கிழங்கு மண்ணுக்குள்ள இருந்தா, முளை ஊசி மாதிரி தார்ப்பாயையும் ஷீட்டையும் துளைச்சுக்கிட்டு வந்து நிக்கும். எங்களுக்கு ரெண்டு இடத்துல வந்துச்சு. தோண்டி எடுத்துட்டுப் போடுங்க.

தண்ணி எங்க வீட்ல போர் தண்ணி. ப்ளீச்சிங் பவுடர் போட்டதும் குளம் டீ கலர்ல மாறிடுச்சு. பிள்ளைங்க ஓன்னு அழுகை. தண்ணியில இரும்புச்சத்து இருந்தா குளோரின் பட்டதும் இப்படித்தான் ஆகும். ராத்திரி முழுக்க ஃபில்டர் ஓடினா பாதி தெளியும். வாய்ப்பு இருந்தா கொஞ்சம் தண்ணிய முதல்ல ஒரு பக்கெட்ல போட்டு சோதிச்சுப் பாத்துட்டு நிரப்புங்க.

குளோரின் விஷயத்துல எம்.பி.பி.எஸ். படிச்சவங்களுக்கு ஒரு பழைய ஞாபகம் வரும். கம்யூனிட்டி மெடிசின் ப்ராக்டிகல்ல ஹாரக்ஸ் அப்பாரட்டஸ்னு ஒண்ணு. 455 லிட்டர் தண்ணிக்கு எவ்ளோ ப்ளீச்சிங் பவுடர்னு கண்டுபிடிக்கிற டப்பாக்கள். வாழ்க்கையில எனக்கு எங்க உதவப் போகுதுன்னு மனப்பாடம் பண்ணினது, பத்து வருஷம் கழிச்சு வீட்டுக் கொல்லையில உதவுச்சு.

கணக்கு சுலபம். 1,000 லிட்டர் தண்ணிக்கு ஒரு கிராம் குளோரின் போட்டா ஒரு பிபிஎம். குளிக்கிற குளத்துல குறைஞ்சது ஒரு பிபிஎம் எப்பவும் இருக்கணும், பிஎச் 7 முதல் 7.8க்குள்ள. ப்ளீச்சிங் பவுடர்ல குளோரின் மூணுல ஒரு பங்குதான், பாக்கெட் பிரிச்சு நாளானா அதுவும் குறையும். 3,900 லிட்டருக்கு ரெண்டு பிபிஎம் வேணும்னா சுமார் 25 கிராம். ஒரு பக்கெட்ல கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கினதும் தெளிவை மட்டும் ஊத்துங்க. வெயில்ல குளோரின் சில மணி நேரத்துல பறந்துடும், அதனால சாயங்காலம் போடுறது நல்லது. காலையில டெஸ்ட் கிட்ல ரெண்டு சொட்டு விட்டு கலர் பாத்துட்டுத்தான் பிள்ளைங்கள இறக்கணும். நம்ம ஹெல்த் இன்ஸ்பெக்டர்கள் மேல்நிலைத் தொட்டித் தண்ணியைப் பாக்குற அதே குளோராஸ்கோப் முறைதான்.

ப்ளீச்சிங் பவுடரை ஆசிட் கூடவோ, கடையில விக்கிற குளோரின் மாத்திரை கூடவோ ஒரே டப்பாவுல கலக்காதீங்க. ஆசிட் சேர்ந்தா விஷ வாயு, மாத்திரை சேர்ந்தா தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். வயித்துப்போக்கு இருக்கிற குழந்தையை இறக்கவே கூடாது, சில கிருமிகள் குளோரின்லயும் நாள் கணக்கா உயிரோட இருக்கும். கேரளாவுல மூளையைத் தின்னும் அமீபான்னு செய்தி பாத்துட்டுப் பலபேர் எனக்கு மெசேஜ் பண்றீங்க. குளோரின் சரியா இருக்கிற தண்ணியில அது பிழைக்காது. ஒரு வாரம் மாத்தாம, மருந்தும் போடாம வெதுவெதுன்னு நிக்கிற தண்ணியிலதான் பயம்.

ஃபில்டர் மோட்டார் வீட்டுக் கரண்ட்ல ஓடுறது. ஈரத் தரையில எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஓட்டுறதைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத லைன்ல மாட்டாதீங்க. யாராவது தண்ணிக்குள்ள இருக்கும்போது ப்ளக்கைப் பிடுங்கி வச்சிடுங்க.

இவ்ளோவும் சரியாப் பண்ணினேன். பெருமையாகூட இருந்துச்சு. இப்ப அந்த சாயங்காலத்துக்கு வர்றேன்.

மே முதல் வாரம். அஞ்சரை மணிக்கு எல்லாரும் குளிச்சு, துவட்டி, உள்ளே போயாச்சு. குளத்தைச் சுத்தி யாரும் இல்ல. நான் பின்வாசல் படியில உக்காந்து டூட்டி லிஸ்ட் வாட்ஸ்அப் க்ரூப்ல பதில் போட்டுக்கிட்டு இருக்கேன், குளத்துக்கு முதுகைக் காட்டி. பையன் எந்த வழியா வந்தான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தண்ணியில அவனோட மஞ்சள் பந்து மிதந்திருக்கு. எட்டி எடுக்க வளையத்து மேல சாஞ்சிருக்கான். காத்தடிச்ச வளையம்தானே, அவன் கனத்துக்கு அப்படியே உள்பக்கம் மடங்கிடுச்சு. கொடியில துணி எடுக்க வந்த எங்கம்மா பாக்கும்போது ரெண்டு காலும் தரையில இல்ல, முகம் தண்ணிக்குள்ள. ட்ரௌசரைப் பிடிச்சு இழுத்துட்டாங்க. எனக்கும் அவனுக்கும் நடுவுல பத்துப் பன்னெண்டு அடி. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல.

ரெண்டு இருமல். ஒரு அழுகை. அவ்ளோதான், தப்பிச்சான். அம்மா என்னைத் திட்டவே இல்ல. அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு உள்ளே போயிட்டாங்க. நான் அன்னைக்கு ராத்திரி எத்தனை தடவை அவன் மூச்சை எண்ணினேன்னு எனக்கே தெரியாது.

சினிமாவுல காட்டுற மாதிரி கையை ஆட்டி, "காப்பாத்துங்க"ன்னு கத்தி யாரும் மூழ்குறதில்ல. சின்னக் குழந்தைக்குக் கத்த மூச்சே இருக்காது. தலைதான் கனம், கவுந்தா நிமிரத் தெரியாது. மூளைக்கு ஆக்சிஜன் இல்லாம நாலஞ்சு நிமிஷம் போனாலே நிரந்தர பாதிப்பு வர ஆரம்பிக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2021ல சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்காங்க, அதுல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் அஞ்சு வயசுக்குக் கீழே. இதை நானே கேம்ப்ல நின்னு பெற்றோர்களுக்கு வகுப்பு எடுத்தவன். பக்கெட்டைக் கவுத்து வைங்க, சம்ப் மூடியைப் பூட்டுங்கன்னு.

குழந்தைங்க குளிக்கும்போது நாம எல்லாருமே கவனமாத்தான் இருக்கோம். ஒரு நாளைக்கு அது ஒரு மணி நேரம். மீதி இருபத்து மூணு மணி நேரமும் நாலு டன் தண்ணி கொல்லையில சும்மா நிக்குது. கடைக்காரரும் ரிவ்யூவும் அந்த ஒரு மணி நேரத்தைப் பத்தி மட்டும்தான் பேசுறாங்க.

அதனால அஞ்சு வயசுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டுக்கு என்னோட யோசனை: தினமும் காலி பண்ண முடியுற அளவுல வாங்குங்க. அஞ்சடி அகலம், பத்து இன்ச் தண்ணி. சுமார் 450 லிட்டர். (ஹாரக்ஸோட அதே கணக்கு, பாருங்க!) குளிச்சு முடிச்சதும் ப்ளக்கைப் பிடுங்கி, கவுத்து, காய வச்சிடணும். குளோரினும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். கொசு முட்டையும் இல்ல. டெங்கு ஒழிப்புப் பணியாளர் வந்து டாக்டர் வீட்லயே புழு எடுத்தா எப்படி இருக்கும்? ஆனா இதையும் மாடியில வைக்காதீங்க, இதுவே சதுர மீட்டருக்கு 250 கிலோ வரும்.

பெரிய பிள்ளைங்க, பெரிய குளம்தான் வேணும்னா, காத்து வளையம் வேண்டாம். இரும்பு ஃப்ரேம் போட்டது, நாலடி உயரம், கழட்டுற ஏணி. கடைசி ஆள் இறங்கினதும் ஏணி வீட்டுக்குள்ள போயிடணும். ஏறி நிக்கிற மாதிரி ஸ்டூல், மோட்டார் பெட்டி எதுவும் பக்கத்துல கூடாது. சுத்தி நாலடி வேலி, தானாச் சாத்திக்கிற கதவு. கூட வர்ற தார்ப்பாய் மூடியை நம்பாதீங்க. அது இலை விழாம இருக்க மட்டும்தான். குழந்தை அது மேல விழுந்தா ஷீட்டுக்கு அடியில மாட்டிக்கும், வெளிய இருந்து பாத்தா தெரியவும் தெரியாது. கையில மாட்டுற காத்துப் பைகளும் விளையாட்டுச் சாமான்தான்.

கடைசியா ஒண்ணு. நான் டூட்டியில இருந்தப்ப பைக்ல தூக்கிட்டு வந்த ஒரு ஒன்றரை வயசுக் குழந்தை. பாத்ரூம் பக்கெட். "தண்ணிய வெளிய எடுக்கணும்னு தலைகீழாப் பிடிச்சு சுத்தினோம் சார், வயித்தை அமுக்கினோம்"னாரு தாத்தா. பத்து நிமிஷம் அதுல போயிருக்கு. எங்களால ஒண்ணும் பண்ண முடியல. அந்தத் தாத்தா மேல தப்பு சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொல்லித் தரல.

சுத்தாதீங்க, வயித்தை அமுக்காதீங்க. மூச்சு இல்லன்னா தட்டையான தரையில படுக்க வச்சு, தாடையை லேசா நிமித்தி, முதல்ல அஞ்சு தடவை வாய் வழியா மூச்சு ஊதுங்க, நெஞ்சு எழும்புற அளவுக்கு. அசைவு இல்லன்னா நெஞ்சு நடுவுல, நெஞ்சோட ஆழத்துல மூணுல ஒரு பங்கு இறங்குற மாதிரி 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிஷத்துக்கு 100 முதல் 120 வேகம். இன்னொருத்தர் 108க்குக் கூப்பிடட்டும், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. குழந்தை இருமி எழுந்துட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சில மணி நேரம் கண்காணிப்புல வைங்க. நுரையீரல் பிரச்சினை கொஞ்சம் தாமதமா காட்டும். (ஆமா, அன்னைக்கு என் பையனையும் கூட்டிட்டுப் போனேன். குழந்தைகள் வார்டுல எனக்குக் கிடைச்ச திட்டைத் தனி த்ரெட்டாதான் போடணும்.)

பத்தடிக் குளத்தை மறுநாளே காலி பண்ணி மடிச்சாச்சு. தென்னைக்கு விடலாமான்னு பாத்தேன். குளோரின் தண்ணி, ரெண்டு நாள் வெயில்ல நிக்கட்டும்னு கொத்தனார் சொன்னாரு. இன்னும் ரெண்டு நாள் அந்தத் தண்ணி அங்க நிக்கிறதுக்கு எனக்கு மனசு வரல. அப்படியே வாய்க்கால்ல திறந்து விட்டுட்டேன்.

இப்ப அஞ்சடிக் குளம்தான். சாயங்காலம் ப்ளக் பிடுங்குறது பையனோட வேலை. அவனுக்குக் குளிக்கிறதை விட அதுதான் பிடிச்சிருக்கு.