சரிவைப் படித்தவர்

குலசேகரத்து ரப்பர்த் தோட்டங்களில் நாற்பது ஆண்டுகள் மண்வெட்டி பிடித்தவர் அந்த முதியவர். பேத்தியுடன் கொடைக்கானலுக்குச் சென்றிருந்தபோது, தூண்பாறைக்குச் செல்லும் வழியில், 1895ஆம் ஆண்டு தோன்றிய கோல்ஃப் மைதானத்தின் ஓரத்தில் நின்றுவிட்டார். மலைச்சரிவில் மெத்தை விரித்தாற்போல ஒரு புல்தளம். அதில் சிறு குழியும் ஒரு கொடியும் தெரிந்தன.

“அதுக்குப் பேரு கிரீன், பாட்டா. பந்து கடைசியா வந்து சேருற இடம்” என்றாள் பேத்தி.

“மேல வெட்டிக் கீழ நிரப்பியிருக்காவ மக்களே” என்றார் அவர்.

கோல்ஃப் வளர்ந்த ஸ்காட்லாந்துக் கடற்கரையில், மணல்மேடுகளுக்கு இடையே இயற்கையே இத்தகைய தளங்களை அளித்தது. ஆட்டம் மலையேறியபோது மனிதர் மண்ணைத் திருத்த வேண்டியதாயிற்று. பெரும் பொறிகள் இல்லாத அக்காலத்தில் மண்வெட்டியும் கூடையும் குதிரை இழுக்கும் மண்வாரியுமே கருவிகள். சரிவின் மேற்புறத்தை வெட்டி, அம்மண்ணையே கீழ்ப்புறத்தில் கொட்டித் தளம் அமைத்தனர். மண்ணை நெடுந்தொலைவு சுமக்க இயலாமையால் மலையின் போக்கிற்கே பணிந்தனர். மேலிருந்து இறங்கும் மழைநீர் தளத்தில் தேங்காமல் விலகிச் செல்ல, வெட்டிய பக்கத்தில் ஆழமற்ற வாய்க்காலும் விட்டனர்.

முதியவர் இவற்றை எந்த நூலிலும் படித்தவரல்லர். ஆயினும் ரப்பர்க் கன்றுகளுக்காக அவர் வெட்டிய படித்தட்டுகளும் இதே முறையில் எழுந்தவைதாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ரப்பர்த் தட்டு மலையை நோக்கி உட்புறம் சாய்ந்திருக்கும். மழைநீர் அங்கே நின்று வேருக்கு இறங்க வேண்டும். கிரீனிலோ நீர் நிற்கலாகாது; நின்றால் புல் அழுகும். ஒன்று நீரைப் பிடித்து வைக்கிறது, மற்றொன்று வழியனுப்புகிறது. இரண்டும் நீரைக் கேட்டே கட்டப்பட்டவை.

ஊர் திரும்பியபோது, வீட்டின் பின்புறக் குன்றைச் செங்குத்தாக வெட்டி மனை சமன்செய்ய மகன் மண்வாரி இயந்திரத்தை வரவழைத்திருந்தான். ஒரே நாளில் முடிந்துவிடும் வேலை. முதியவர் குன்றின் அடியில் நெடுநேரம் நின்றார்.

“நாப்பது வருசம் மலைய வெட்டினவரு, இப்ப வேண்டாம்ங்கியளா அப்பா?” என்றான் மகன்.

“வெட்டாதேன்னு சொல்லல்ல மக்களே. ஒரே வெட்டா இறக்காத, படிபடியா எடு. ஐப்பசி மழைத்தண்ணி எந்த வழியாப் போவும்னு முதல்ல காட்டு.”

மகனிடம் விடை இல்லை. இயந்திரம் அன்று ஓடவில்லை. மறுநாள் காலையில் தந்தை முன்னே நடக்க, மகன் கயிறும் முளைக்குச்சிகளும் ஏந்திக் குன்றின் மேல் ஏறினான்.