குறட்டைக்கு நடுவே ஒரு மௌனம்

எங்கள் தந்தையாரின் குறட்டை அடுத்த வீடு வரை கேட்கும். கோடை இரவுகளில் முற்றத்தில் பாய் விரித்து வரிசையாய்ப் படுத்திருக்கும் பிள்ளைகளாகிய எங்களுக்கு அது பெரும் வேடிக்கை. அந்தக் குறட்டை திடீரென்று அறுந்துபோகும். ஓசையே இராது. நாங்கள் விரல் மடக்கி எண்ணத் தொடங்குவோம். இருபதைத் தாண்டிய இரவுகளும் உண்டு. பிறகு நீரில் மூழ்கி எழுந்தவரைப் போல் ஒரு பெருமூச்சு, மீண்டும் குறட்டை. சரியாக எண்ணியவர் யார் என்று எங்களுக்குள் சண்டைகூட வரும். அம்மா மட்டும் சிரித்ததில்லை.

அவர் பள்ளி ஆசிரியர். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கண் அயர்ந்துவிடுவார். பூசையில் பிரசங்கம் தொடங்குமுன்பே தலை சாயும். இருமுறை மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'தூங்குமூஞ்சி வாத்தியார்' என்று ஊர் சூட்டிய பெயரை நாங்களும் வெட்கத்தோடு நம்பினோம். 1979-ஆம் ஆண்டு, தமது 54-ஆம் வயதில், ஒரு விடியற்காலையில் உறக்கத்திலேயே அவர் இறந்துபோனார். நல்ல சாவு என்றார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1980 ஜூன் மாதம், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நிகழ்ந்த ஒன்றைப் பற்றி நாங்கள் அறிந்தது மிகப் பிந்தித்தான். எங்கள் மூத்த அண்ணனுக்கும் அதே நோய் என்று 2006-இல் மருத்துவர் சொன்ன பிறகே, தேடித் தேடிப் படித்தோம். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்த வழி முற்றிலும் அடைபட்டுவிடுகிறது. மார்பு மூச்சுக்காகப் போராடுகிறது, காற்று நுழைவதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறையவே, மூளை உறங்குபவரை ஒரு கணம் உலுக்கி எழுப்புகிறது. ஓர் இரவில் இது நூற்றுக்கணக்கான முறை நிகழலாம். உறங்கியவருக்கோ காலையில் எதுவும் நினைவிராது. பகலெல்லாம் தூக்கம் சொக்குவது மட்டுமே மிச்சம்.

டாக்டர் காலின் சல்லிவன் சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர். 1970-களின் பிற்பகுதியில் கனடாவின் டொரான்டோ நகரில் எலியட் பிலிப்சன் என்பாரோடு சேர்ந்து, உறங்கும் நாய்களின் சுவாசத்தை ஆராய்ந்தார். நாய் தூங்கும்வரை காத்திருப்பதும் ஓர் ஆராய்ச்சியா என்று நம்மில் பலர் நகைத்திருப்போம்! ஆனால் நாயின் முகவாய்க்குப் பொருத்திய முகமூடியே பின்னாளில் மனிதருக்கான முகமூடிக்கு வழிகாட்டியது.

அக்காலத்தில் இந்நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறந்துவிடுவதே சிகிச்சை. சிட்னியில் கட்டட வேலை செய்த ஒருவர் அந்த அறுவைக்கு உடன்படவில்லை. சோதனைக்கு மட்டும் இசைந்தார். காற்றை உறிஞ்சித் தூசி எடுக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் காற்றை ஊதுமாறு மாற்றி, ஒரு குழாயை அவர் மூக்கோடு பசையிட்டுப் பொருத்தினார் சல்லிவன். தொண்டைக்குள் ஓயாமல் தள்ளப்பட்ட அந்தக் காற்றே முட்டுக்கொடுத்து வழியைத் திறந்து வைத்தது. நோயாளி தடையின்றி உறங்கினார். காலையில் தெளிந்த முகத்தோடு எழுந்தார். ஐந்து நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 1981-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. தேவைப்பட்ட அழுத்தம் அதிகமன்று. உறிஞ்சுகுழலைக் குவளை நீரில் 10 சென்டிமீட்டர் ஆழம் விட்டுக் குமிழி எழுப்பும் அளவை அது மிஞ்சவில்லை. தந்தையாரின் உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது இவ்வளவுதானா என்று எண்ணியபோது, அந்தக் கட்டுரையை மேற்கொண்டு படிக்க எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது.

தொடக்கத்து இயந்திரங்கள் பெரும் இரைச்சலிட்டன. நோயாளிகளின் மூக்கை அச்செடுத்து முகமூடி செய்ய வேண்டியிருந்தது. அண்ணனுக்குக் கிடைத்ததோ தலைமாட்டில் வைக்கும் சிறு பெட்டி. முதல் வாரம் கழற்றி எறிந்தார், அண்ணி விடவில்லை.

அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு அம்மாவும் அங்கு வந்திருந்தார். நள்ளிரவில் எழுந்து அண்ணனின் அறை வாசலில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தவரை நாங்கள் கண்டோம்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. மூச்சு நிக்கவே இல்லியே" என்றார்.

முற்றத்தில் விரல் மடக்கி எண்ணிய விளையாட்டை அப்போதுதான் அவரிடம் சொன்னோம். தமக்குத் தெரியும் என்றார். தாமும் எண்ணிக்கொண்டுதான் படுத்திருந்தாராம்.