ஈயத்தின் மேல் பழி

1935-இல் அமெரிக்காவில் .357 மேக்னம் ரிவால்வர் வந்தபோது, அதன் மென்மையான ஈயக் குண்டுகள் குழலுக்குள் ஈயத்தை அப்பிவிட்டன. அப்படி அப்பினால் குறி தவறும். வீட்டிலேயே குண்டு வார்ப்பவர்கள் இதற்காக 90 பங்கு ஈயத்தோடு 5 பங்கு வெள்ளீயமும் 5 பங்கு ஆன்டிமனியும் கலந்து கடினமாக்குவார்கள். சில ரிவால்வர்களில் அப்போதும் ஈயம் ஒட்டும்.

ஏன்? ரிவால்வரில் குண்டு முதலில் சிலிண்டர் அறையின் வாயைக் கடந்துதான் குழலுக்குள் நுழைகிறது. அந்த வாய் குறுகலாக இருந்தால் குண்டு அங்கேயே ஒடுங்கிவிடும். அதன்பின் குழலில் இடைவெளி விழும். சூடான வாயு அந்த இடைவெளியில் பாய்ந்து ஈயத்தை அரிக்கும்.

பொதுவாக, குண்டு குழலின் வரிப்பள்ளத்தை விட 0.001 அங்குலமாவது பெரிதாக இருக்க வேண்டும். அறைவாய் அதற்கு வழிவிட வேண்டும். ஆகவே, ஈயத்தைப் பழிக்கும் முன் ஆறு அறைகளின் வாயையும் அளந்து பார்ப்பதே நல்லது.