குறையே வழியாதல்

நிலக்கரியை எரித்து நீரை ஆவியாக்கி, அவ்வாவியால் பொறியைச் சுழற்றி மின்சாரம் பெறுதல் உலகறிந்த முறையாகும். ஆயின், கரியில் அடங்கிய ஆற்றலிற் பெரும்பகுதி வெப்பமாய் வீணே கழிகின்றது. சுடர்விட்டு எரியாமலே எரிபொருளினின்று மின்சாரம் பெறுதல் கூடாதோ? இவ்வினாவிற்கு விடையாய்த் தோன்றியதே எரிபொருள் மின்கலம்.

1839-ஆம் ஆண்டில் வில்லியம் குரோவ் என்பார் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் அமிலநீரின் வாயிலாகக் கூட்டி மின்னோட்டம் பெற்றார். 1896-இல் அமெரிக்கராகிய வில்லியம் ஜாக்ஸ், உருகிய எரிசோடாவில் கரிக்கோலை நிறுத்திக் காற்றைச் செலுத்தினார். மின்சாரம் பிறந்தது, ஆனால் கரியினின்று எழுந்த வளி சோடாவொடு கூடி அதன் தன்மையைக் கெடுத்தது. கெடாத திண்பொருள் ஒன்று வேண்டியதாயிற்று.

1899-இல் செருமானிய அறிஞர் நெர்ன்ஸ்ட், சிர்க்கோனியா என்னும் வெண்பொருளில் சிறிது இட்ரியாவைக் கலந்து சூடேற்றினால் அது மின்சாரத்தைக் கடத்தும் எனக் கண்டார். 1937-இல் பௌர், பிரைஸ் என்னும் இருவர் அத்தகைய திண்பொருளை இடையே வைத்து, ஏறத்தாழ 1000 பாகை செல்சியசு வெப்பத்தில் மின்கலம் ஒன்றை இயக்கினர்.

கல்லனைய பொருளினூடே மின்சாரம் செல்வது எங்ஙனம்? சிர்க்கோனியம் அணு ஒன்று இரண்டு ஆக்சிஜன் அணுக்களை ஏற்கும். இட்ரியம் அத்துணை ஏற்காது. ஆதலின், இரண்டு இட்ரியம் புகுந்தவிடத்து ஆக்சிஜனுக்குரிய இருக்கை ஒன்று வெறிதாகும். வெப்பமுற்ற ஆக்சிஜன் அயனிகள் அவ்வெற்றிருக்கைதோறும் தாவித் தாவி மறுபுறம் சேர்கின்றன. அங்கே எரிபொருளொடு கூடி எலெக்ட்ரான்களை விடுக்கின்றன. திண்பொருள் எலெக்ட்ரான்களுக்கு வழிவிடாது. ஆகவே அவை புறக்கம்பி வழியே ஓடி விளக்கேற்றுகின்றன.

ஆக்சிஜனே எரிபொருளை நாடி வருதலின், இக்கலம் ஹைட்ரஜன் ஒன்றையே வேண்டி நிற்பதில்லை. சாண எரிவளியும் அம்மோனியாவும் இதற்கு உதவும். தாழ்வெப்பக் கலங்கள் சிலவற்றிற்கு நஞ்சாகிய கார்பன் மோனாக்சைடும் இதற்கு உணவாகும். எனினும் இடர்கள் இல்லாமல் இல்லை. கந்தகம் நிக்கல் மின்வாயைக் கெடுக்கும்; கரி படிந்து துளைகளை அடைக்கும்; வெப்பம் திடுமென மாறின் திண்பொருள் வெடிக்கும். இவற்றை நீக்கவே அறிஞர் இன்றும் முயல்கின்றனர்.

ஈண்டு ஓர் உண்மை நினையத்தக்கது. இட்ரியா நூற்றுக்கு எட்டு மூலக்கூறு என்னும் அளவை ஒட்டி இருக்குங்கால் அயனிகளின் ஓட்டம் மிகும்; அவ்வளவு கடப்பின் வெற்றிடங்கள் பிணிப்புண்டு ஓட்டம் தளரும். குறையும் அளவோடு அமையின் வழியாகும். அளவு கடந்தால் அதுவே தடையாகும்.